வெளிநாட்டில் வாங்கும் பழைய படகை எல்லை தாண்டிக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி இதுதான். வேறொரு நாட்டில் ஒருவர் 10 மீட்டர் நீளமுள்ள ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகை விற்கிறார். வயது இருபதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் படங்களில் நன்றாக இருக்கிறது, விலையும் இங்கே கேட்பதைவிட நன்றாகவே குறைவு. வாங்கிக் கொண்டுவந்து சொந்தப் பெயரில் பதிந்து ஓட்ட முடியுமா, எங்கெல்லாம் சிக்கல் வரும்?

முடியும். நிறையப் பேர் செய்கிறார்கள். பழைய படகுகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுப்பது என் தொழில். சுகமாக வந்து சேர்ந்த படகுகளையும், மாதக்கணக்கில் துறைமுக முற்றத்தில் வெயிலில் நின்ற படகுகளையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அப்படி நின்றவற்றில் பெரும்பாலானவை நல்ல படகுகள்தான். ஓட்டை காகிதத்தில் இருந்தது.

முதலில் மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். படகு எங்கே கட்டப்பட்டது என்பது ஒன்று. இப்போது எந்த நாட்டுக் கொடியில் பதிவாகியிருக்கிறது என்பது இன்னொன்று. எந்த நாட்டில் அதற்கு வரி கட்டியாயிற்று என்பது மூன்றாவது. விற்பவர் “எல்லாம் கிளியர்” என்று சொல்லும்போது, இந்த மூன்றில் ஏதோ ஒன்றைத்தான் மனதில் வைத்துச் சொல்கிறார். பொய் சொல்கிறார் என்று இல்லை, மற்ற இரண்டும் அவருக்குத் தேவைப்பட்டதே இல்லை. எல்லையைத் தாண்டும்போது மூன்றும் தேவைப்படுகின்றன.

ஒரு உதாரணம். பிரான்சில் கட்டிய படகு அமெரிக்காவில் புதிதாக விற்பனையாகி, பிறகு ஒரு பிரிட்டிஷ்காரர் கைக்கு மாறி, பிரிட்டிஷ் கொடியில் ஓடிக்கொண்டிருக்கலாம். அதை அமெரிக்காவில் வைத்து வாங்கிக் கனடாவுக்குக் கொண்டுபோகிறவர், வட அமெரிக்க வணிக ஒப்பந்தத்தின் சலுகை கிடைக்கும் என்று நினைப்பார். கிடைக்காது. சுங்கத்தின் கண்ணில் அது பிரெஞ்சுப் படகு, கட்டிய இடம்தான் கணக்கு. அதே படகை ஐரோப்பாவுக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர், பிரான்சில் பிறந்ததுதானே, வரி கேட்க மாட்டார்கள் என்று நினைப்பார். கேட்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு ஏற்றுமதியான நாளிலேயே அது அங்கே வெளிநாட்டுச் சரக்காகிவிட்டது.

படகின் பிறப்புச் சான்று அதன் உடம்பிலேயே இருக்கிறது. பின்பலகையின் வலப்பக்க மேல் மூலையில் எழுத்தும் எண்ணும் கலந்து பொறித்திருப்பார்கள். ஹல் எண் என்று சொல்வது இதைத்தான். அமெரிக்காவில் 1972 நவம்பரிலிருந்து இது கட்டாயம். அங்கே 12 இலக்கம்: முதல் மூன்று எழுத்து கட்டியவரைக் குறிக்கும், அடுத்த ஐந்து வரிசை எண், அப்புறம் கட்டிய மாதத்துக்கு ஒரு எழுத்து, வருடத்துக்கு ஒரு எண், கடைசி இரண்டும் மாடல் வருடம். 1984 ஆகஸ்டுக்குப் பிந்தைய முறையில் மாத எழுத்து ‘ஏ’ என்றால் ஜனவரி, ‘எல்’ என்றால் டிசம்பர். சர்வதேச முறையில் இவற்றுக்கு முன்னால் இரண்டெழுத்து நாட்டுக் குறியீடும் சேர்ந்து 14 இலக்கமாகும். இதே எண்ணைப் படகுக்குள் வெளியே தெரியாத இன்னொரு இடத்திலும் பொறித்திருப்பார்கள்.

விற்பவரிடம் நீங்கள் கேட்கும் முதல் படம் இந்த எண்ணின் படமாக இருக்கட்டும். நல்ல வெளிச்சத்தில், கிட்டத்தில் எடுத்தது வேண்டும். ஒருமுறை எனக்கு அப்படி வந்த படத்தில், எண் தகட்டைச் சுற்றி விரல் அகலத்துக்கு ஜெல்கோட் எனும் வெளிப்பூச்சு மட்டும் கொஞ்சம் வெளுத்த வெள்ளையாக இருந்தது. தகட்டின் ரிவெட்டுகள் நான்கும் பளபளத்தன. மற்ற இடமெல்லாம் இருபது வருட வெயிலில் சுண்ணாம்பு பூத்திருந்த படகு அது. தகட்டில் இருந்த வருடத்துக்கும் விற்பனைப் பத்திரத்தில் இருந்த வருடத்துக்கும் இரண்டு வருடம் வித்தியாசம். விற்பவரிடம் விளக்கம் கேட்டோம், அப்புறம் பதிலே வரவில்லை. அந்த ஒரு படம் என் வாடிக்கையாளரின் முன்பணத்தைக் காப்பாற்றியது.

அடுத்தது உரிமை. நிலம் வாங்கும்போது மூலப்பத்திரம் பார்க்கிற மாதிரி இங்கேயும் சங்கிலி பார்க்க வேண்டும். கட்டியவர் கொடுத்த சான்றிதழிலிருந்து இன்றைய உரிமையாளர் வரை ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு விற்பனைப் பத்திரம் இருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழ் இருக்கிறதே, போதாதா என்று கேட்பார்கள். எல்லாப் பதிவும் உரிமையை நிரூபிக்காது. பிரிட்டனில் சிறு படகுகளுக்கான மூன்றாம் பகுதிப் பதிவேடு படகின் கொடியை மட்டுமே சொல்லும், யாருக்குச் சொந்தம் என்பதை அது நிரூபிக்காது. அடமானமும் அதில் ஏறாது. அங்கேயே முதல் பகுதிப் பதிவேட்டில் படகு 64 பங்குகளாகப் பிரிந்திருக்கும். கணவனும் மனைவியும் ஆளுக்கு 32 பங்கு வைத்திருந்தால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அமெரிக்காவில் மாநிலப் பதிவு வேறு, கடலோரக் காவல்படையின் ஆவணப் பதிவு வேறு. நிகர டன் கணக்கில் (இது எடை இல்லை, கொள்ளளவு) 5 டன்னும் அதற்கு மேலும் உள்ள படகுகள்தான் இரண்டாவதற்குத் தகுதி. உங்கள் படகு அதில் இருந்தால் உரிமைச் சுருக்கப் பிரதியை வாங்கிப் பாருங்கள். உரிமையாளர்கள் வரிசையும், பதிவான அடமானமும் கடனும் அதில் தெரியும்.

கடன் விஷயத்தில் கடல் சட்டம் கடுமையானது. மாலுமிகளுக்குப் பாக்கி வைத்த சம்பளம், விபத்திலிருந்து மீட்டவர்களுக்குச் சேர வேண்டிய தொகை, மோதலில் அடுத்தவருக்கு ஏற்படுத்திய சேதம் ஆகியவை படகின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். அமெரிக்கச் சட்டத்தில் பழுதுபார்த்த கூலியும் எரிபொருள் பாக்கியும்கூட அப்படித்தான். ஆள் மாறினாலும் கடன் படகோடு வரும். எதுவும் தெரியாமல் நல்ல எண்ணத்தோடு வாங்கியவரின் படகையும் துறைமுகத்தில் கட்டிப்போட முடியும். படகு கடைசி இரண்டு வருடம் எந்த யார்டில் (பழுதுபார்க்கும் இடம்), எந்த மெரினாவில் (படகுத் துறை) இருந்தது என்று கேட்டு, அங்கிருந்து ‘பாக்கி இல்லை’ என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரு மின்னஞ்சல் போதும். இதைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை, ஒழுங்கான விற்பனையாளர் தானாகவே கொடுப்பார்.

கொடிக்கு வருவோம். ஒரு கப்பல் ஒரு நாட்டுக் கொடியின் கீழ்தான் ஓட வேண்டும் என்பது ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 92-வது பிரிவு. படகுக்கும் அதுதான். ஆகவே பழைய நாட்டின் பதிவிலிருந்து நீக்கியதற்கான சான்றிதழ் கையில் இல்லாமல் புதிய நாட்டில் பதிய முடியாது. இதை எடுத்துக் கொடுக்க வேண்டியவர் விற்பவர். பணம் கைமாறிய பிறகு அவருக்கு அவசரம் போய்விடும். மீதிப் பணம் கொடுப்பதையும் பதிவு நீக்க விண்ணப்பத்தில் அவர் கையெழுத்துப் போடுவதையும் ஒரே நாளில் வையுங்கள். நான் பார்த்த தாமதங்களில் மிக நீண்டது இந்தச் சான்றிதழுக்காகக் காத்திருந்ததுதான். விற்றவர் வேறு படகு வாங்கிக் கடலுக்குப் போய்விட்டார், போன் எடுக்க ஆளில்லை.

இப்போது வரி. முதலில் நீங்கள் படகை நிரந்தரமாக இறக்குமதி செய்கிறீர்களா, தற்காலிகமாகக் கொண்டுவருகிறீர்களா என்று உங்களுக்கே தெளிவு வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவர் தன் வெளிநாட்டுப் படகோடு வந்து போவதற்குப் பல நாடுகள் வரி இல்லாமல் அவகாசம் தருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் அது 18 மாதம். ஆனால் அந்தச் சலுகை அங்கே வசிக்காதவருக்கு மட்டும்தான். உள்ளூர்வாசி வெளிநாட்டுக் கொடியை மட்டும் விட்டுவைத்துக்கொண்டு ‘தற்காலிகம்’ என்று ஓட்டினால், பிடிபடும் நாளில் வரியோடு அபராதமும் சேர்ந்து வரும். உங்கள் கேள்வியில் சொந்தப் பெயரில் பதிந்து ஓட்டப் போவதாகச் சொல்கிறீர்கள். அப்படியானால் இது முழு இறக்குமதி. வந்த அன்றே அப்படி அறிவித்துவிடுங்கள்.

வரி கட்டிய நிலை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு பிரிட்டன் நல்ல பாடம். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்சிட்டின் இடைக்காலம் முடிந்த 2020 டிசம்பர் 31 இரவு, படகு எந்தக் கரையில் நின்றிருந்தது என்பதே அதன் தலையெழுத்தை முடிவு செய்தது. அன்று பிரான்சிலோ ஸ்பெயினிலோ இருந்த படகு ஐரோப்பிய வரி கட்டிய நிலையைத் தக்கவைத்தது. அன்று இங்கிலாந்தில் இருந்த படகு அதை இழந்தது. இரண்டும் ஒரே யார்டில் ஒரே வாரத்தில் கட்டியவையாக இருக்கலாம். அதனால் ‘வரி கட்டியது’ என்று விளம்பரத்தில் பார்த்தால், எந்த நாட்டு வரி, எந்த ரசீது, அந்தத் தேதியில் படகு எங்கே நின்றது என்பதற்கு மெரினா பில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

தொகை எப்படி வரும்? உலகம் முழுக்கப் பயன்படும் சுங்க வகைப்பாட்டில் உல்லாசப் படகுகள் 8903 என்ற தலைப்பில் வரும். தனியாக வாங்கும் வெளிப்புற மோட்டார் 8407, டிரெய்லர் 8716. மூன்றுக்கும் வீதம் வேறாக இருக்கலாம் என்பதால் ரசீதிலும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அடுத்து, வீதம் எதன் மேல் என்பது. ஐரோப்பிய ஒன்றியம் உட்படப் பெரும்பாலான நாடுகள் படகின் விலையோடு கப்பல் கூலியையும் காப்பீட்டையும் கூட்டி, அந்தத் தொகைக்குச் சுங்கவரி போடும். அமெரிக்கா கப்பல் கூலியைச் சேர்க்காமல் கணக்கிடும். மதிப்புக் கூட்டு வரியோ சரக்கு சேவை வரியோ இருக்கும் நாடுகளில், பொதுவாக விலை, கூலி, சுங்கவரி மூன்றையும் கூட்டி அதன் மேல் அந்த வரி வரும். வரிக்கு மேல் வரி என்பதை மறந்து கணக்குப் போட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

ரசீதில் விலையைக் குறைத்துக் காட்டலாமா என்று என்னிடம் பாதிப் பேராவது கேட்கிறார்கள். செய்யாதீர்கள். அதே மாடல் படகு எவ்வளவுக்கு விற்கிறது என்பதைச் சுங்க அதிகாரியும் இணையத்தில் பார்ப்பார். பொய்யான ரசீது பிடிபட்டால் படகையே பறிமுதல் செய்யலாம். நேர் வழியில் மதிப்பு குறைவதற்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. படகில் உண்மையிலேயே பழுது இருந்து அதனால் விலை குறைந்திருந்தால், படகைச் சோதிக்கும் நிபுணரான சர்வேயரின் அறிக்கையும் பழுதுக்கான செலவு மதிப்பீடும் அதற்குச் சாட்சி. அவற்றை ரசீதோடு சேர்த்துக் கொடுங்கள். நான் கொடுத்தபோதெல்லாம் அதிகாரிகள் அதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள்.

வரியைவிடப் பெரிய செலவு சில சமயம் தரக்கட்டுப்பாட்டில் ஒளிந்திருக்கும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐரோப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2.5 மீட்டர் முதல் 24 மீட்டர் வரை நீளமுள்ள உல்லாசப் படகுகளுக்கு அங்கே தனி விதி உண்டு. 1998 ஜூன் 16 முதல் அது கட்டாயம். இப்போது நடப்பில் இருக்கும் 2013-ஆம் ஆண்டு விதி 2016 ஜனவரி 18 முதல் அமலாகிறது. படகில் ஐரோப்பிய விதிக்கு உட்பட்டது என்று காட்டும் சி.இ. முத்திரை இருக்க வேண்டும், எந்தக் கடலுக்கு ஏற்றது என்று ஏ, பி, சி, டி வகைகளில் ஒன்றும் குறித்திருக்க வேண்டும். பி வகை என்றால் காற்று, அதன் வலிமையைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 8 வரையும் அலை 4 மீட்டர் வரையும் தாங்கும், சி என்றால் 6-ம் 2 மீட்டரும். இந்த முத்திரை இல்லாத படகை அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தால் பழையதானாலும் விடமாட்டார்கள். கட்டிய பிறகான மதிப்பீடு என்ற நடைமுறை வழியாக, அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஒன்று படகைப் புதிதாகக் கட்டியது போலவே சோதிக்கும். மிதப்பு, நிலைப்பு, எரிவாயுக் குழாய், மின்சாரம், கழிவுத் தொட்டி எல்லாம் ஒவ்வொன்றாகத் தேறிவிடலாம். என்ஜின் புகையும் சத்தமும்தான் கழுத்தைப் பிடிக்கும். பழைய டீசல் என்ஜினுக்கு ஐரோப்பிய புகை அளவுக்கான சான்று இல்லாவிட்டால் என்ஜினையே மாற்ற வேண்டிய நிலை வரலாம். 1998 ஜூன் 16-க்கு முன்பே ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் பயன்பாட்டில் இருந்ததற்கு ஆதாரம் உள்ள படகுக்கு இந்தச் சோதனை வேண்டாம். ஒரு பழைய மெரினா ரசீதுக்கு இவ்வளவு மதிப்பு வருவது இதனால்தான்.

அமெரிக்காவுக்குள் போகும் படகின் என்ஜினில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் புகைச் சான்று ஒட்டுத்தாள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், 3520-21 என்ற படிவமும் நிரப்ப வேண்டும். ஆஸ்திரேலியாவில் கவலை வேறு. 2003 டிசம்பர் 31 முதல் அங்கே ஆஸ்பெஸ்டாஸ் முழுத் தடை. பழைய படகின் என்ஜின் கேஸ்கெட்டிலும் புகைக்குழாயைச் சுற்றிய துணியிலும் அது ஒளிந்திருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளாமல் அங்கே அனுப்பவே கூடாது.

மின்சாரமும் உண்டு. அமெரிக்கப் படகு கரை மின்சாரத்தை 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸில் எதிர்பார்க்கும். ஐரோப்பியப் படகுக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பேட்டரியில் ஓடும் விளக்கும் பம்பும் பெரும்பாலும் 12 வோல்ட் என்பதால் தப்பிக்கும். சார்ஜர், வெந்நீர்த் தொட்டி, ஏசி ஆகியவற்றை மாற்ற வேண்டியிருக்கும். டிரெய்லர் கூட வந்தால் அதைத் தனி வாகனமாக நினையுங்கள். அதற்கு வேறு காகிதம், வேறு பிரேக் விதி, வேறு அகல விதி. படகு தேறி டிரெய்லர் தேறாமல் நின்றதும் நடந்திருக்கிறது.

படகோடு கூடவே வரும் உயிர்களைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை, எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. காஸ்பியன், கருங்கடல் பகுதியைச் சேர்ந்த வரிக்குதிரைச் சிப்பி 1988-இல் வட அமெரிக்காவின் பேரேரிப் பகுதியில், செயின்ட் கிளேர் ஏரியில், முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. சரக்குக் கப்பல்கள் ஆடாமலிருக்க அடியில் நிரப்பும் நிலைப்பு நீரில் வந்தது என்பதே ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம். அங்கிருந்து மற்ற ஏரிகளுக்கு அதைச் சுமந்து போனவற்றில் டிரெய்லரில் போன சிறு படகுகள் முக்கியமானவை. அதன் உறவான குவாகா சிப்பி 2007-இல் அமெரிக்காவின் மேற்கே உள்ள மீட் ஏரியை எட்டிவிட்டது. நகக்கண் அளவுச் சிப்பி ஒன்று ஈரமான இடுக்கில் பல நாள் உயிரோடு இருக்கும். அதன் குஞ்சு கண்ணுக்கே தெரியாது, படகின் அடித்தளத்தில் தேங்கிய ஒரு குவளைத் தண்ணீர் அதற்குப் போதும். நீர்க்குழாய்களை அடைத்து, ஏரியின் உணவுச் சங்கிலியையே மாற்றிப் போட்டுவிடும். ஒருமுறை வந்துவிட்டால் பெரிய ஏரியிலிருந்து அதை விரட்ட வழி இல்லை.

ஆகவே எல்லையில் ஆய்வாளர் குனிந்து பார்க்கும் இடங்களை நீங்கள் முன்பே பாருங்கள். என்ஜினைக் குளிர்விக்கக் கடல்நீர் உறிஞ்சும் துளை, அதன் வடிகட்டி, சுக்கான் அச்சின் இடைவெளி, உந்துவிசிறித் தண்டு வெளியே வரும் இடம், படகின் அடியில் நடுவே நீளும் கீலின் அடிப்பாகம், நங்கூரச் சங்கிலிப் பெட்டி. அடிப்பலகை பளிச்சென்று இருக்கும் படகில்கூட, உறிஞ்சு துளையின் சல்லடையைக் கழற்றினால் உள்ளே ஒரு கைப்பிடி அளவுக்குக் கொட்டலசு (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் கடலுயிர்) இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். நியூசிலாந்து 2018 மே முதல், வருகிற எல்லாக் கலங்களின் அடிப்பாகமும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. வருவதற்கு முந்தைய 30 நாளுக்குள் சுத்தம் செய்ததற்கு ஆதாரம் காட்டுவது அதற்கு ஒரு வழி. ஆஸ்திரேலியாவும் 2022 ஜூன் 15-இல் இதே மாதிரி விதி கொண்டுவந்தது. படகைத் தூக்கிய யார்டின் ரசீது, தேதியோடு படங்கள், அடிப்பூச்சு பூசிய ரசீது ஆகியவற்றை ஒரு கோப்பில் வையுங்கள். அடிப்பூச்சில் டி.பி.டி. இருந்தால் வேறு சிக்கல்: நத்தை, சிப்பி இனங்களுக்குக் கேடு செய்த அந்த ரசாயனத்தைத் தடை செய்த சர்வதேச உடன்படிக்கை 2008 செப்டம்பர் 17-இல் நடப்புக்கு வந்தது.

மரத்திலும் ஒரு வலை இருக்கிறது. படகைக் கப்பலில் ஏற்ற மரத்தொட்டில் அடிப்பார்கள். அந்த மரத்துக்கு ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேசத் தாவர நலத் தரம் பொருந்தும். மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கி, கோதுமைக் கதிர்ச் சின்னமும் எச்.டி. என்ற எழுத்தும் முத்திரை குத்தியிருக்க வேண்டும். என் வாடிக்கையாளர் ஒருவரின் படகுக்கு யார்டுக்காரர்கள் அங்கே கிடந்த பழைய கட்டைகளை வைத்துத் தொட்டில் அடித்து அனுப்பிவிட்டார்கள். படகில் ஒரு குறையும் இல்லை. முத்திரை இல்லாத நான்கு கட்டைகளுக்காக அது முற்றத்தில் நின்றது. புதிதாக இரும்புத் தொட்டில் செய்து, கிரேன் வைத்து மாற்றி, பழைய மரத்தை அதிகாரிகள் முன்னால் எரித்த பிறகுதான் விட்டார்கள். கிரேன் கூலியும் முற்ற வாடகையும் சேர்ந்து, முதலிலேயே இரும்பில் செய்திருந்தால் ஆகியிருக்கும் செலவைப் போல மூன்று மடங்கு ஆனது. உள்ளறையில் பிரேசில் ரோஸ்வுட் அலங்காரம் இருந்தால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அழியும் நிலையில் உள்ள உயிரினங்களுக்கான உடன்படிக்கையின் முதல் பட்டியலில் அந்த மரம் 1992 முதல் இருக்கிறது.

இனிக் கொண்டுவரும் வழி. படகு மலிவானால் கப்பல் கூலியும் மலிவாகிவிடாது. பத்து மீட்டர் படகுக்கு, அது புதியதோ இருபது வயதானதோ, பிடிக்கும் இடம் ஒன்றுதான். அதனால்தான் பழைய படகில் கிடைக்கிற விலை லாபத்தைக் கூலி விழுங்கிவிடுகிறது. என் மனதில் பட்டதைச் சொல்கிறேன்: அதே மாடலோ அதற்கு நிகரானதோ உள்ளூரில் கிடைத்தால், கொஞ்சம் விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். இங்கே கிடைக்காத வடிவமைப்பு, அல்லது அபாரமாகப் பராமரித்த படகு என்றால்தான் இந்த உழைப்பு தகும்.

சாதாரணக் கண்டெய்னரின் கதவு அகலம் சுமார் 2.34 மீட்டர். உங்கள் 10 மீட்டர் படகின் அகலம் மூன்று மீட்டருக்கு மேல் இருக்கும், ஆகவே அது நுழையாது. பக்கச் சுவர் இல்லாத தட்டுக் கண்டெய்னர், வாகனங்கள் ஓட்டி ஏற்றும் ரோ-ரோ கப்பல், சரக்குக் கப்பலின் மேல்தளம், பாதி முழுகி உள்ளே படகுகளை மிதக்கவிட்டு ஏற்றிக்கொள்ளும் சிறப்புக் கப்பல் ஆகியவை மீதி வழிகள். தரைவழி என்றால் ஐரோப்பாவில் 2.55 மீட்டரைத் தாண்டிய அகலத்துக்குச் சிறப்பு அனுமதி வேண்டும். எதில் ஏற்றினாலும் பாய்மரத்தைக் கழற்றி, ஒவ்வொரு கம்பிக்கும் சீட்டு கட்டி, தனியாகச் சுற்றுங்கள். எரிபொருளைக் கால் தொட்டிக்குக் கீழே குறைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, எரிவாயு உருளையையும் அவசர வெடிவிளக்குகளையும் இறக்கிவிடுங்கள்.

சரக்குக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். படகு உடைந்தால் ஈடு கிடைக்கும் என்பது மட்டும் காரணமில்லை. பொதுச் சராசரி என்று கடல் வணிகத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. கப்பல் ஆபத்தில் மாட்டி, அதைக் காப்பாற்றச் செலவு ஆனால், கப்பல்காரரும் சரக்குக்காரர் அனைவரும் பங்கு போட்டுக் கட்ட வேண்டும். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் என்ற கண்டெய்னர் கப்பல் குறுக்கே மாட்டி நின்ற பிறகு அதன் உரிமையாளர்கள் இதைத்தான் அறிவித்தார்கள். இப்படி அறிவித்தால் உங்கள் படகில் ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும், பிணைத்தொகை கட்டாமல் அதை எடுக்க முடியாது. காப்பீடு இருந்தால் நிறுவனமே அந்தப் பிணையைக் கொடுத்துவிடும்.

சொந்தமாக ஓட்டிக்கொண்டு வரவும் செய்யலாம், படகும் நீங்களும் அதற்குத் தயார் என்றால். கடைசித் துறைமுகத்தில் வெளியேற்றச் சீட்டு வாங்குங்கள். வந்ததும் நுழைவு அனுமதி கேட்கும் மஞ்சள் நிறக் ‘க்யூ’ கொடியை ஏற்றி, நுழைவுத் துறைமுகமாக அறிவிக்கப்பட்ட இடத்துக்கே நேராகப் போங்கள். வழியில் அழகான குடா ஒன்றில் ஒரு இரவு நங்கூரமிட்டால்கூட விதிமீறல் ஆகலாம்.

ஒப்பந்தம் எழுதும்போது முன்பணம் வழக்கமாக 10 சதவீதம். அது விற்பவர் கைக்குப் போகாமல் தரகரின் வாடிக்கையாளர் கணக்கிலோ வழக்கறிஞரிடமோ இருக்கட்டும். சர்வே, கடலில் ஓட்டிப் பார்த்தல், உரிமை ஆவணங்கள், பதிவு நீக்கம் ஆகிய நான்கில் எது தேறாவிட்டாலும் பணம் திரும்ப வேண்டும் என்று எழுதுங்கள். சர்வேயரை நீங்களே தேடுங்கள், விற்பவர் சொல்கிறவர் வேண்டாம். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, ஈரமானியும் சுத்தியலும் வைத்துப் பார்க்க வேண்டும், கீல் போல்ட்டுகளையும் சேர்த்து. பாய்மரக் கம்பிகள் 10, 15 வருடத்தைத் தாண்டியிருந்தால் காப்பீட்டு நிறுவனம் மாற்றச் சொல்லலாம். என்ஜினைக் குளிர்ந்த நிலையிலிருந்து உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

படகு வந்து, வரி கட்டி, புதிய பெயர் எழுதிய பிறகும் இரண்டு வேலை பாக்கி. படகில் பேசப் பயன்படும் வி.எச்.எஃப். ரேடியோவில், படகை அடையாளம் காட்டும் ஒன்பது இலக்க எம்.எம்.எஸ்.ஐ. எண்ணின் முதல் மூன்றும் நாட்டைக் குறிக்கும். கொடி மாறினால் அந்த எண் மாற வேண்டும். பல கருவிகளில் பயனர் ஒருமுறைதான் எண்ணைப் பதிக்க முடியும், மாற்ற விற்பனையாளரிடம் போக வேண்டியிருக்கும். இன்னொன்று, படகு மூழ்கும்போது 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளைக் கூப்பிடும் ஈபர்ப் கருவி. அதற்குள்ளும் நாட்டுக் குறியீடு இருக்கிறது, பதிவும் பழைய உரிமையாளர் பெயரில் இருக்கிறது. அதை மாற்றாமல் கடலுக்குப் போகாதீர்கள். நடுக்கடலில் நீங்கள் அந்தப் பொத்தானை அழுத்தும்போது, மீட்பு மையம் போன் செய்வது வேறொரு நாட்டில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் அவருக்குத்தான்.